அருகிருந்து காணும் கல்வி

கிண்ணியாவின் கரையிலே நின்று கொட்டியாரக் குடாவை நோக்குவோர்க்கு அந்நீர்ப்பரப்பு பெரும்பாலும் அமைதியாகவே தோன்றும். எங்கே ஆழம், எங்கே மணல்திட்டு, எப்பொழுது நீரோட்டம் உட்செல்லும், எப்பொழுது வெளியேறும் என்பன கரையில் நிற்பவர் கண்ணுக்குப் புலப்படமாட்டா. மகாவலி கங்கை வந்து கலக்கும் அக்குடாவின் இயல்பை அறிந்தவர் அங்கே தொழில் செய்யும் தோணிக்காரரே. அவர்களும் அதனை ஏட்டிலே படித்து அறிந்தவரல்லர். சிறு பிராயத்தில் தந்தையின் தோணியிலே ஓரமாக அமர்ந்து, ஒன்றையும் தொடாமல், பார்த்துப் பார்த்தே அறிந்தனர். கண் பழகியது முன்னர். துடுப்பு கைக்கு வந்தது பின்னர்.

2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, திருகோணமலைக்குப் போக விரும்பியவர் துறையிலே காத்திருந்து ‘பாதை’யில் ஏறியே அக்கரை சேர்ந்தனர். நீரைக் கடக்கும் மிதவைக்குப் ‘பாதை’ என்று பெயரிட்ட மக்களின் மதிநுட்பம் வியக்கத்தக்கது. வழி என்பது தானாகக் கிடப்பதன்று, அறிந்த ஒருவர் நடத்திச் செல்லும்போதே வழியாகின்றது என்னும் உண்மை அப்பெயரில் அடங்கியிருக்கின்றது. ஆழம் அறியாமல் காலை விடாதே என்னும் பழமொழியும் இத்தகைய துறைகளிலே பிறந்ததாகத்தான் இருத்தல் வேண்டும்.

நீருக்குப் பொருந்தும் இவ்விதி தொழிற்கல்விக்கும் பொருந்தும். அதிலும் சிறப்பாக, மனிதரின் கண்ணைத் தொழிற்களமாகக் கொண்ட ஒரு கல்விக்கு மிகப் பொருந்தும். பார்வையை அளந்து கண்ணாடி விதிக்கும் கலையாகிய பார்வை அளவையியலை, அதாவது ஒப்டோமெட்ரியைக் கற்க விரும்பும் மாணவர், கல்லூரிக்கு விண்ணப்பிக்கு முன்னரே அத்தொழில் நடைபெறும் இடத்திற்குச் சென்று, அதனைச் செய்வோரை நிழல்போல் தொடர்ந்து, சில வாரமேனும் அருகிருந்து காணல் வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

முதலில் அத்தொழில் யாது என்பதைத் தெளிதல் நன்று. கண்ணுக்குப் பணி செய்வோர் மூவகையினர். சத்திர சிகிச்சையும் நோய்ச் சிகிச்சையும் செய்பவர் கண் வைத்திய நிபுணர். அவர் மருத்துவப் பட்டம் பெற்று அதன்மேலும் பல்லாண்டு பயின்றவர். குறித்துக் கொடுத்த அளவின்படி வில்லையைத் தீட்டிச் சட்டத்திற் பொருத்தித் தருபவர் கண்ணாடி வினைஞர். இவ்விருவர்க்கும் இடையில் நிற்பவரே பார்வை அளவையாளர். ஒருவர் எவ்வளவு பார்க்கின்றார், குறை எங்குள்ளது, எந்த வில்லையால் அது தீரும் என்பதை அளந்து கூறுபவர் இவர். வில்லையால் தீராத குறை என்று கண்டால், காலந் தாழ்த்தாமல் நோயாளியை வைத்தியரிடம் அனுப்புபவரும் இவரே. எதைத் தாம் செய்யலாம் என்று அறிவது இவர் தொழிலிற் பாதி. எதைத் தாம் செய்யலாகாது என்று அறிவது மற்றைப் பாதி.

இத்தொழிலின் அறிவு ஒரு நாட்டார்க்கோ ஓர் இனத்தார்க்கோ தனியுரிமையானதன்று. பஸ்றாவிலே பிறந்து கெய்ரோவிலே வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணினுட் புகுவதனாலேயே பார்வை உண்டாகின்றது என்பதை ஆராய்ந்து நிறுவினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றது என்று எண்ணியிருந்த உலகுக்கு அது புதிய செய்தியாயிற்று. மூக்குக் கண்ணாடி பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியிலே தோன்றியது. உயிருள்ள மனிதரின் விழித்திரையை நேரே காண உதவும் கருவியை ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் உலகுக்கு அறிவித்தார். இன்று எல்லா வைத்தியசாலைச் சுவர்களிலும் தொங்கும் எழுத்துப் பலகையை ஒல்லாந்தரான ஸ்னெலன் 1862இல் வகுத்தளித்தார். ஆயிரம் ஆண்டாகப் பல நாட்டார் கைமாற்றித் தந்த அறிவு இது. கிண்ணியாவின் ஒரு மாணவி அதனைப் பெற விரும்பும்போது, அந்நீண்ட வரிசையிலே தானும் ஒருத்தியாக வந்து நிற்கின்றாள்.

இத்தொழிலின் தேவையைப் பற்றி ஐயுற வேண்டுவதில்லை. உலகிலே குறைந்தது 220 கோடி மக்கள் ஏதோ ஒருவகைப் பார்வைக் குறை உடையவர் என்றும், அவருள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட பார்வை பற்றிய அறிக்கையிலே கூறியது. அந்நூறு கோடியில் 80 கோடிக்கு மேற்பட்டோர்க்கு வேண்டுவது, வயது சென்றபின் வரும் வெள்ளெழுத்துக்கு ஓர் எளிய கண்ணாடியே.

எண்ணிக்கை பெரிதாகும்போது மனிதர் மறைந்துவிடுவதுண்டு. ஆகவே ஒரு வகுப்பறையை மனத்திற் கொள்வோம். பின்வாங்கிலே ஒரு சிறுவன் இருக்கின்றான். கரும்பலகையிலே ஆசிரியர் எழுதுவதை அவன் பக்கத்திலிருப்பவன் கொப்பியைப் பார்த்தே எழுதுகின்றான். அவன் பார்த்தெழுதுவதாகக் குற்றஞ் சாட்டப்படுகின்றான். மந்தன் என்று பெயரெடுக்கின்றான். தனக்குக் கண் தெரியவில்லை என்று அவன் சொல்லமாட்டான். ஏனெனில், தெளிவாகப் பார்த்தல் என்பது இன்னதென்று அவன் என்றுமே அறிந்ததில்லை. எல்லார்க்கும் உலகம் இப்படித்தான் தெரிகின்றது என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கின்றான்.

இதனினுங் கொடியது வேறொன்றுண்டு. ஒரு கண் நன்றாகவும் மற்றைக் கண் மிக மங்கலாகவும் உள்ள குழந்தையின் மூளை, நல்ல கண்ணையே நம்பி மங்கற் கண்ணைப் புறக்கணிக்கத் தொடங்குகின்றது. இதனைச் சோம்பற்கண் என்பர். ஏழெட்டு வயதிற்கு முன்னர் கண்டுபிடித்துக் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைச் சிறிது நேரம் மறைத்துப் பழக்கினால் பெரும்பாலும் பார்வை திருந்தும். காலங் கடந்தபின் சிகிச்சையின் பயன் குறைந்துகொண்டே போகும். அப்பொழுது எத்துணை விலையுயர்ந்த கண்ணாடி அணிந்தாலும் அக்கண் முழுத்தெளிவு பெறுதல் அரிது. குழந்தையோ ஒரு கண்ணால் ஓடி விளையாடுகின்றது, வீட்டார் ஐயுறுவதில்லை. ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கச் சொல்ல அறிந்த ஒருவர் அவ்வூரிலே உரிய காலத்தில் இருந்தாரா என்பதே அக்குழந்தையின் பார்வையை முடிவு செய்கின்றது.

இத்துணை இன்றியமையாத தொழிலாயின், விரும்புவோர் எல்லாரும் உடனே சென்று சேர்ந்துவிடலாமே, முன்னரே பார்ப்பது எற்றுக்கு என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. விடையும் எளிதே.

தொழிலைப் பெயரால் அறிவது வேறு. தொழிலாக அறிவது வேறு. உயர்தரத்தில் உயிரியல் கற்ற மாணவர் பலர் வைத்தியபீடம் ஒன்றையே இலக்காகக் கொள்கின்றனர். வெட்டுப்புள்ளி சிறிது தவறினால், அடுத்தது எது என்று கேட்டு, யாரோ சொன்ன பெயரைப் பற்றிக்கொள்கின்றனர். அப்பெயர் பார்வை அளவையியலாகவும் இருக்கலாம். வெள்ளை மேலங்கி, குளிர்ந்த அறை, பளபளக்கும் கருவி ஆகியன அவர் மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஆனால், அவ்வறையிலே காலை எட்டு மணி தொடங்கி மாலை வரை, “இது தெளிவா, அது தெளிவா?” என்னும் ஒரே வினாவை அறுபது பேரிடம் அறுபது தடவை, முதலாமவரிடம் கேட்ட அதே கனிவோடு அறுபதாமவரிடமும் கேட்க வேண்டியிருக்கும் என்பது அவர்க்குத் தோன்றுவதில்லை.

குடும்பத்தின் நிலையையும் எண்ணுதல் வேண்டும். அரச சேவையில் கண் தொழினுட்பவியலாளராகச் சேர்ந்து பயிற்சி பெறுதல் ஒரு வழி. தனியார் கல்வி நிலையங்களிற் கற்றல் ஒரு வழி. கடல் கடந்து சென்று பட்டம் பெறுதல் ஒரு வழி. பணம் கட்டிக் கற்கும் வழியாயின், ஒரு கடற்றொழிலாளி தோணியை ஈடு வைக்கலாம். ஒரு தாய் தன் மகளுக்கென்று சேர்த்து வைத்த நகையை விற்கலாம். மூன்றாம் ஆண்டிலே அம்மகள் திரும்பி வந்து, “உம்மா, எனக்கு இந்த வேலை ஒத்துவரவில்லை” என்று சொன்னால், தவறு யாருடையது? மகளைக் குறை கூறுதல் தகாது. கரையில் நின்றபடியே ஆழத்தைத் தீர்மானிக்குமாறு அவளை விட்டவரே பொறுப்பாளிகள். நான்கு வாரம் அருகிருந்து கண்டிருந்தால், அவ்வாண்டுகளும் நகையும் மிஞ்சியிருக்கும்.

அருகிருந்து கற்றல் தமிழருக்குப் புதியதன்று. அமெரிக்கரான வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயிலே நிலைகொண்டு, உள்ளூர் இளைஞர் அறுபதுக்கும் மேற்பட்டோரை வைத்தியராக்கினார். 1860களிலே அவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கவும் செய்தார். நூல் இருந்தும், நூல் மட்டும் போதுமென்று அவர் விட்டுவிடவில்லை. நோயாளியின் கட்டிலருகே மாணவரும் நின்று கண்டு கற்றனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அந்நியரான அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

கண் மருத்துவத்திலும் தமிழ்நாடு இரண்டு சிறந்த எடுத்துக்காட்டுகளைத் தந்துள்ளது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் தம்மைத் தாமே பழக்கிச் சத்திரக் கத்தி ஏந்திய வைத்தியர் வெங்கடசாமி, அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் மதுரையிலே பதினொரு கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்கள் தெரிந்தெடுக்கப்பட்டு, இரண்டாண்டுப் பயிற்சி பெற்று, பார்வை அளத்தல் முதலிய பணிகளை ஏற்கின்றனர். நாள் முழுவதும் நோயாளியின் அருகே நின்றே அவர்கள் கற்கின்றனர். சென்னையிலே 1978இல் வைத்தியர் பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயத்தைச் சார்ந்து, 1985இல் எலிட் பார்வை அளவையியல் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் பட்டக் கல்வி நான்கு ஆண்டு. இறுதி ஆண்டு முழுவதும் நோயாளரிடையே பெறும் பயிற்சியாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வெண்ணம் இன்னும் ஒரு படி முன்னே செல்கின்றது. அங்கே பட்டப்படிப்புக்குப் பின் நான்கு ஆண்டு பார்வை அளவையியல் கற்க விண்ணப்பிப்போரிடம், இத்தொழிலாளர் ஒருவரையோ பலரையோ அருகிருந்து கண்டதுண்டா என்று கல்லூரிகள் பல கேட்கின்றன. சில அதனைக் கட்டாயமாக்கியுள்ளன, சில வற்புறுத்துகின்றன. புள்ளி எவ்வளவு என்பதோடு, எதைக் கண்டு இத்தொழிலை விரும்பினீர் என்பதும் அங்கே ஒரு வினா. பார்த்தவன் விடை கூறுவான். பாராதவன் பிறர் எழுதியதை ஒப்புவிப்பான். கேட்பவர்க்கு வேறுபாடு விளங்காமற் போகாது.

இனி, கிண்ணியாவில் உள்ள ஒரு மாணவர் இதனை எவ்வாறு செய்யலாம் என்பதை நோக்குவோம்.

காலம் எது என்பது முதல் வினா. உயர்தரப் பரீட்சை முடிந்த நாளுக்கும் மேற்படிப்பு தொடங்கும் நாளுக்கும் இடையே நெடுங்காலம் கிடக்கின்றது. பலர் அதனைக் கைத்தொலைபேசியிலும் உறக்கத்திலும் கழிக்கின்றனர். அக்காலமே தகுந்த காலம்.

இடம் எது என்பது அடுத்தது. ஓரிடத்தோடு நின்றுவிடலாகாது. வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவு ஒன்று. நகரத்துக் கண்ணாடிக் கடைகளிலே தகுதி பெற்ற அளவையாளர் இருக்கும் ஒன்று. ஊரிலே கண் பரிசோதனை முகாம் நடக்குமாயின் அது ஒன்று. ஆக மூன்றும் காணல் நன்று. வைத்தியசாலையில் நோயும் கூட்டமும் காணலாம். கடையிலே வணிகமும் அறமும் மோதும் இடத்தைக் காணலாம். கண்ணாடி தேவைப்படாத ஒருவர் வந்தால், தேவையில்லை என்று சொல்லி அனுப்புகின்றாரா என்பதைக் கவனித்தாலே, அங்குள்ளவர் எத்தகையவர் என்பது விளங்கிவிடும். முகாமிலே, நகரத்துக்கு என்றுமே வராத முதியோரைக் காணலாம். பாலம் வந்தபின் திருகோணமலைக்குப் போய்வருதல் முன்போல் அரிதன்று.

எவ்வாறு அனுமதி பெறுவது? நேரே சென்று கதவருகே நிற்றல் முறையன்று. பாடசாலை அதிபரிடமிருந்து அறிமுகக் கடிதம் பெற்று, வைத்தியசாலையாயின் அதன் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் விண்ணப்பித்தல் வேண்டும். இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை, இன்ன நேரம், பார்ப்பதற்கு மட்டும் என்று தெளிவாக எழுதுதல் வேண்டும். மறுத்தால் வருந்தலாகாது. வேலைப் பளு மிகுந்த இடத்தில் ஒரு புதியவர் நிற்பதும் இடையூறே. பணிவோடு மறுமுறை கேட்பவர்க்குப் பெரும்பாலும் கதவு திறக்கும்.

உள்ளே சென்றபின் ஒழுகும் முறை மிக இன்றியமையாதது. நோயாளியின் சம்மதமின்றி அறையில் நிற்கலாகாது. அவர் வேண்டாமென்றால் முகஞ் சுளியாமல் வெளியேறல் வேண்டும். கருவியைத் தொடலாகாது, படம் பிடிக்கலாகாது, மருந்தோ கண்ணாடியோ பற்றி எவர்க்கும் ஒரு சொல்லும் சொல்லலாகாது. அங்கே கேட்டது, கண்டது அனைத்தும் அமானிதம். அடுத்த வீட்டுக்காரரின் கண்ணிலே நோய் இருப்பதை அறிந்துகொண்டு வந்து குசினியிலே சொல்பவர், அத்தொழிலுக்குத் தகுதியற்றவர் என்பதைத் தாமே மெய்ப்பித்துவிட்டார். சிறிய ஊர்களிலே இந்த எச்சரிக்கை இருமடங்கு தேவை.

ஒரு குறிப்புப் புத்தகம் இருத்தல் வேண்டும். அதிலே பெயர் எழுதலாகாது. “அறுபது வயதளவான ஆண், வயல் வேலை, வெண்படலம், வைத்தியரிடம் அனுப்பப்பட்டார்” என்பது போல எழுதினாற் போதும். ஒவ்வொரு நாளும் விளங்காத ஒன்றைக் குறித்துக்கொண்டு, கூட்டம் கலைந்தபின் கேட்டல் வேண்டும். நோயாளியின் முன்னிலையில் ஐயங் கேட்டு அவரை அச்சுறுத்தலாகாது.

பார்க்க வேண்டியவை யாவை? எழுத்துப் பலகை ஆறு மீற்றர்த் தூரத்திலே வைக்கப்படுவதைக் காணலாம். அறை சிறிதாயின் மூன்று மீற்றரிலே கண்ணாடியொன்றை மாட்டி, அதனுள்ளே தெரியும் பலகையைப் படிக்கச் செய்வர். செல்லும் ஒளியும் திரும்பும் ஒளியுமாகத் தூரம் ஆறாகின்றது. ஒருவரின் பார்வை ஆறின்கீழ் அறுபது என்று எழுதப்பட்டால், நற்பார்வையுடையவர் அறுபது மீற்றரிலே படிக்கும் எழுத்தை அவர் ஆறு மீற்றருக்கு வந்தாலே படிக்கின்றார் என்பது பொருள். சிறு துளையிட்ட தகட்டினூடே பார்க்கச் செய்வர். அப்பொழுது எழுத்து தெளிந்தால் குறை பெரும்பாலும் வில்லையால் தீரக்கூடியது. தெளியாவிட்டால் நோய் உண்டோ என்று ஆராய்தல் வேண்டும். ஒரு சிறு துளை இத்துணை பெரிய செய்தியைச் சொல்கின்றது. எழுத்தறியாத குழந்தையின் கண்ணுள்ளே ஒளிக்கீற்றைச் செலுத்தி, அது திரும்பி வந்து அசையும் திசையைக் கொண்டே குறையை அளப்பர். குறும்பார்வைக்குக் குழிவு வில்லையும், தூரப்பார்வைக்குக் குவிவு வில்லையும், ஒரு திசையில் மட்டும் உருவம் சிதைவோர்க்கு உருளை வில்லையும் தேர்ந்து வைப்பர். பாடப்புத்தகத்திலே வெறும் கோடுகளாக இருந்த ஒளியியல், அங்கே ஒரு மனிதரின் முகமலர்ச்சியாக மாறுவதை மாணவர் காண்பர்.

இவற்றினும் பெரியதொன்றை அருகிருந்தாலன்றி அறிய இயலாது. வெள்ளெழுத்து வந்த ஒரு முதியவர் வருகின்றார் என்று கொள்வோம். அனுபவமற்றவர் உடனே அச்செழுத்துத் தாளை அவர் கையிற் கொடுத்து, அவர் படிக்கக்கூடிய வில்லையைத் தேர்ந்து அனுப்பிவிடுவார். அனுபவமுள்ளவர் முதலில் ஒரு வினாக் கேட்பார்.

“காக்கா, என்ன தொழில் செய்யிறீங்க?”

“இப்ப கடலுக்குப் போறதில்ல, மகள். வீட்டில இருந்து வல பொத்துறன்.”

அந்த ஒரு விடையிலே அளவு மாறிவிடுகின்றது. புத்தகம் பிடிக்கும் தூரம் வேறு. விரித்துப் போட்ட வலையைப் பொத்தும் தூரம் வேறு. படிப்பதற்குரிய வில்லையை அணிந்தால், அதற்கப்பால் உள்ள வலைக்கண் மங்கிவிடும். அவர் அக்கண்ணாடியை இரண்டு நாள் அணிந்துவிட்டு, கண்ணாடியே உதவாது என்று பெட்டியிலே போட்டுவிடுவார். கணக்கிலே கண்ணாடி கொடுத்தவர் தொகை ஒன்று கூடும். ஊரிலே பார்ப்பவர் தொகை கூடாது. அளப்பது கண்ணைத்தான், ஆயினும் அறிய வேண்டியது மனிதரின் வாழ்வை. இதனை எந்தப் பரீட்சை வினாத்தாளும் கற்பிப்பதில்லை.

கிண்ணியா போன்ற இடத்திலே இப்பாடம் பல வடிவிலே வரும். வெயிலிலும் புழுதியிலும் காற்றிலும் நெடுங்காலம் உழைப்போரின் வெண்விழியிலிருந்து கருவிழி நோக்கிச் சதை வளர்வதைக் காணலாம். நீரிழிவு உள்ளவர், வலியில்லாமையாற் கண்ணைக் கவனியாதிருந்து, விழித்திரை பழுதுற்றபின் வருவதைக் காணலாம். கண்ணாடி அணிந்தால் மகளுக்கு மணம் பேசி வருவோர் தயங்குவர் என்று அஞ்சும் தாயைக் காணலாம். அத்தாயிடம் எவ்வாறு பேசுவது என்பதும் தொழிலின் ஒரு பகுதியே. ஆண் அளவையாளர் அருகே வரக் கூசும் பெண்களும் உளர். அத்தகையோர்க்கு ஊரின் மகளொருத்தி இத்தொழிலைக் கற்று வருவது எத்துணை பெரிய வாய்ப்பு! தமிழும் சிங்களமும் பேசுவோர் கலந்து வாழும் மாவட்டம் ஆகையால், இரு மொழியிலும் வினாக் கேட்கப் பழகுதலும் வேண்டும் என்பதை மாணவர் அங்கேயே உணர்வர்.

எச்சரிக்கை ஒன்றும் கூறுதல் கடன். அருகிருந்து காணல் பயிற்சியாகாது, தகுதியும் ஆகாது. நான்கு வாரம் கண்டவர் அயலாருக்குக் கண்ணாடி விதிக்கத் தொடங்கினால், அது கரையோரம் நீந்தக் கற்றவர் பாதையை ஓட்ட முனைவது போலாகும். கண் சிவந்து வலியோடு வருபவரை, திடீரெனப் பார்வை குன்றியவரை, உடனே வைத்தியரிடம் போகச் சொல்வதொன்றே அவர் செய்யத்தக்கது.

கண்டபின், இத்தொழில் தமக்கு ஏற்றதன்று என்று உணர்பவரும் இருப்பர். அவர் தோற்றவரல்லர். இருண்ட அறையில் நாள் முழுதும் நிற்க இயலாதவர், பொறுமை குறைந்தவர், எண்ணின் நுட்பத்தில் விருப்பமற்றவர் ஆகியோர் வேறு பல தொழில்களிலே சிறந்து விளங்கலாம். பெற்றோர் அம்முடிவைக் கேட்டுக் கோபங் கொள்ளாது மகிழ்தல் வேண்டும். ஒரு வழி தமதன்று என்று காலத்தில் அறிதலும் வழி அறிதலே.

ஆனால், நான்காம் வாரத்தின் இறுதியிலும், அறுபதாவது நோயாளி வந்து அமரும்போது, கால் கடுத்தாலும் கண் விழித்து ஆவலோடு நோக்கும் மாணவரும் இருப்பர். அவர் ஐயமின்றி விண்ணப்பிக்கலாம். எதற்காக இக்கல்வி என்று நேர்முகத்திலே கேட்டால், மனப்பாடம் செய்த வசனத்தை அவர் தேட வேண்டியதில்லை. முதன்முதல் கண்ணாடி அணிந்த ஒரு சிறுவன் சன்னலருகே சென்று, வேப்பமரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரிவதைக் கண்டு திகைத்து நின்ற காட்சியை அவர் சொன்னாற் போதும்.

பின்வாங்கிலிருக்கும் சிறுவன் இன்னும் காத்திருக்கின்றான். அவனுக்குக் காலம் குறைவு. அவன் கண்ணை உரிய வயதில் அளந்து பார்க்க வல்லவர் அவனூரிலிருந்தே தோன்றுவாராயின், அதனினும் நன்று வேறில்லை. அவ்வாறு தோன்ற விரும்பும் மாணவர் இன்று செய்ய வேண்டுவது பெரிய காரியமன்று. ஒரு கடிதம் எழுதி, ஒரு கதவைத் தட்டி, ஓர் ஓரத்திலே அமைதியாக நின்று பார்க்கத் தொடங்கினாற் போதும். துடுப்பு பின்னர்க் கைக்கு வரும். கண் முன்னர்ப் பழகட்டும்.